மொட்டைத் தலையோட டாக்டர்கிட்ட

ஜூன் 11, புதன். யோகோஹாமா

மழை. இந்த ஊர்ல ஜூன் முழுக்க இப்படித்தானாம். துணி காயல. வீடெல்லாம் ஈர வாடை.

சாயங்காலம் கிளினிக். வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல லீவு இல்ல. துண்டுச்சீட்டுல ஜப்பானிய எழுத்துல எழுதிக் குடுத்துட்டாரு: நாள் தள்ளிப் போயிருக்கு, போன வருஷம் ஒண்ணு கலைஞ்சிருக்கு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. போன தடவை ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, அப்பறம் ஒவ்வொருத்தருக்கா இல்லன்னு சொன்னது போதும்.

போய் வந்தாச்சு. சின்ன எடம். வாசல்ல செருப்பைக் கழட்டி, அவங்க குடுக்கிற ரோஸ் கலர் செருப்பு போடணும். உள்ள நாலஞ்சு பொம்பளைங்க, ஒரு சத்தம் இல்ல. ஆந்திராவுல நம்ம புத்தூர் நர்சிங் ஹோம்னா பெஞ்சுல உக்காந்த உடனே பக்கத்துல இருக்கிறவ "எத்தினி மாசம்? மொத புள்ளையா? எந்த ஊரு?" முடிச்சிருப்பா. எங்க ஊரு பிச்சாட்டூர்னு சொன்னா, "அங்கதான் எங்க நாத்தனார குடுத்துருக்கு." டாக்டரம்மா ரூமுக்குள்ள அம்மாவும் வந்து, என் வயித்துக்கு அம்மாவே பதில் சொல்லும். அப்ப எரிச்சல். இன்னைக்கு அந்த பெஞ்சுக்கு ஏங்கிட்டேன்.

அப்பறம் கூத்து. தலைல கட்டியிருந்த ஸ்கார்ஃப் நழுவிடுச்சு. நர்ஸம்மாவுக்கு அம்மா வயசு இருக்கும். என் தலையைப் பாத்து மொகமே மாறிடுச்சு. தனி ரூம்ல உக்கார வெச்சு, வெந்நீர் குடுத்து, மெதுவா என்னமோ கேக்கறாங்க. டாக்டர் வந்து டிக்‌ஷனரியைப் புரட்டி ஒரு வார்த்தை காட்டறாரு. கேன்சர். எந்த ஆஸ்பத்திரி? என்ன மருந்து?

ஐயோ பெருமாளே! உனக்குக் குடுத்த முடிக்கு எனக்கு இந்தப் பேரா!

"நோ, நோ. ஹேர், காட்"ன்னேன். இன்னும் பயந்துட்டாங்க. பர்ஸ்ல இருந்து போட்டோவை எடுத்தேன். போன மாசம் லீவுக்குப் போனப்ப திருமலைல எடுத்தது. நைனா, அவரு, நான். எல்லாம் மொட்டை, தலை நெறைய சந்தனம், பல்லைக் காட்டிக்கினு. ஓரத்துல அம்மா மட்டும் கொண்டையோட. "பொம்பளைக்கு மூணு கத்திரி முடி போதும்டி"ன்னு சொல்லிச்சு. நாந்தான், அடுத்ததாவது தங்கணும், குடுத்தா முழுசா குடுப்பேன்னு உக்காந்துட்டேன்.

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கினு சிரிச்சாங்க. டாக்டரும். நானும் சிரிச்சேன், அழுகையும் வந்துச்சு.

ஸ்கேன். இடுப்புக்கு நேரா ஒரு திரை. டாக்டரும் டிவியும் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மொகம் பாக்காம இருக்கிறதுதான் இங்க மரியாதையாம். கரு இருக்கிற பை தெரியுது. துடிப்பு இன்னும் தெரியல. அடுத்த புதன் வரணும்.

ஜூன் 14, சனி

தூறல். ஊறுகாய் காலி.

அம்மா போன். "துன்னியாடி? கொரல் இன்னா ஒரு மாதிரி கீது?" சளின்னேன். பொய்.

போன வருஷம் கலைஞ்சப்ப புத்தூர் டாக்டரம்மா "எந்துக்கம்மா ஏடுஸ்தாவு?", ஏம்மா அழறேன்னு தெலுங்குல அதட்டி, "அழாத கண்ணு"ன்னு தமிழ்ல தேத்துனாங்க. அம்மா தலைமாட்டுல நின்னுக்கினு என் ஜடையைப் பிடிச்சுக்கினே இருந்துச்சு. கையை இல்ல, ஜடையை. விடவே இல்ல.

ஜூன் 18, புதன்

வெயில்! துணி எல்லாம் மாடியில.

இன்னைக்கு அவரும் வந்தாரு. ஆம்பளைங்க வெளிய உக்காரணுமாம். மறுபடியும் அந்தத் திரை. டாக்டர் ஒண்ணும் பேசல. பேசலன்னா போன வருஷம் மாதிரிதான்னு மனசு அடிச்சுக்கிச்சு. எனக்கு மரியாதையெல்லாம் வேணாம், யாராவது பக்கத்துல வேணும். "அம்மா"ன்னு சத்தமா கூப்பிட்டுட்டேன்.

திரை விலகிச்சு. நர்ஸம்மா. தலைமாட்டுல வந்து நின்னாங்க. பிடிக்கத்தான் ஜடை இல்லையே, மொட்டைத் தலை மேல கையை வெச்சுக்கினு, இன்னொரு கையால டிவியைக் காட்டுனாங்க. கடுகு அளவு. மினுக் மினுக்குன்னு அடிச்சுக்கினு இருக்கு.

வீட்டுக்கு வந்த உடனே அம்மாவுக்குப் போன். அழுதுச்சு. இத்தினி நாள் மறைச்சிட்டியேன்னு திட்டுச்சு. அப்பறம், "உள்ள கூட யாருடி இருந்தாங்க?"

"நர்ஸம்மா."

"அவுங்க பேரு இன்னா?"

சட்டையில எழுதியிருந்துச்சு. எனக்குத்தான் படிக்கத் தெரியல.

"பேரு கூட கேக்காம வந்துட்டியா? போய் கேளு. மலைக்குப் போறப்ப அவுங்க பேர்ல ஒரு தேங்கா ஒடைக்கணும்."