என் படம் இருக்கும் மூலை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம். போனில் பேசினால் குரலை வைத்தே சளி பிடித்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஆபீசில் உன் பேச்சு வந்தது. பழைய போன்களுக்கு அப்டேட்டை நிறுத்திவிட்டால் எல்லோரும் புதிது வாங்குவார்கள் என்பது எங்கள் போன் கம்பெனியின் திட்டம். உன் போனும் அதில் அடக்கம். போட்டிக் கம்பெனியோ ஏழு வருடம் அப்டேட் தருவதாக அறிவித்துவிட்டது.

"எங்க அம்மா புதுசு வாங்க மாட்டாங்க சார். தொட்டா எனக்குப் போன் வர்ற மாதிரி வச்ச என் படம் திரையில எந்த மூலையில இருக்குன்னு கண்ணாடி போடாமலே அவங்க விரலுக்குத் தெரியும். புதுசு குடுத்தா பீரோவுல வச்சுப் பூட்டிடுவாங்க" என்றேன்.

"உங்க அம்மா மாதிரி நாலு பேர் இருந்தா நாம கடையைச் சாத்த வேண்டியதுதாம்மா!" மேலாளர் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"அம்மா போன் நின்னுபோச்சுன்னா பிள்ளைங்க கோவத்துல அந்தப் போட்டிக்காரன்கிட்டதான் போய் வாங்குவாங்க. அவன் ஏழு வருஷம்னா, நாம எட்டுன்னு சொல்லுவோம்."

ஆக, உன் போன் பிழைத்தது.

ஒரே ஒரு உதவி. யார் கையில் போனைக் கொடுத்தாலும் என் படத்தை இடம் மாற்ற விடாதே. போன வாரம் கை தவறி என்னை அழைத்துவிட்டாய். குக்கர் மூடியைத் திட்டிக்கொண்டிருந்தாய். நான் பேசவில்லை, வைக்கவும் இல்லை. சாப்பாட்டு இடைவேளை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ் வருகிறது. அடிக்கடி கை தவறட்டும், அம்மா.

உன் மகள்