முருகேசன் அண்ணனின் இருமல்

மார்ச் 14, வெள்ளி

சுரங்கத் தூசி தன் இனுயிட் பழங்குடி மக்களின் உடம்பை என்ன செய்கிறது என்று ஆராயும் மேரி, இங்குள்ள குவாரித் தொழிலாளர்களையும் விசாரிக்கக் கனடாவின் வடகோடியிலிருந்து வந்திருக்கிறார். இன்று அவருக்கு மொழிபெயர்க்க, அமீரகத்தின் ஃபுஜைராவில் உள்ள கல்குவாரித் தொழிலாளர் கேம்ப்புக்குப் போனேன்.

அங்கே ஒரு ரூமில், கல் உடைக்கும் முருகேசன் அண்ணனிடம் இருமல் உண்டா என்று மேரி கேட்டார்.

"ராத்திரி பூரா இருமல்தான் தங்கச்சி. இல்லைன்னு சொல்லிரும்மா. தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்க."

"இல்லையாம்," என்றேன்.

அவ்வளவு நீளமான பதிலுக்கு ஒரே சொல்லா என்பதுபோல் மேரி பேனாவைக் கீழே வைத்தார். "என் அப்பாவும் சுரங்க டாக்டரிடம் இப்படித்தான் சொன்னார். யார் பெயரையும் எழுத மாட்டேன் என்று சொல்லுங்கள்."

சொன்னேன். அண்ணன், "அப்ப எழுதிக்கச் சொல்லு" என்றார். ரூமிலிருந்த மற்ற மூன்று பேரும் கட்டிலைவிட்டு இறங்கி வந்தார்கள்.

என் பொய்க்காக மேரி ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை. அதுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது.