அடிப்பூச்சோடு நிற்கும் படை

என் கண்ணுக்குக் கண்ணாக இருந்த லூர்து அக்காவுக்கு,

ஸ்ரீரங்கத்து வீட்டைக் காலி செய்தாயிற்று. அத்தான் போன மாதம் வண்டி பிடித்துச் சாமான்களை ஏற்றினார். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் முசிறியில் அவர் அண்ணன் வீட்டுக்குப் போயின. உன் பெயின்ட் பெட்டியும் பொம்மைகள் இருந்த கண்ணாடி அலமாரியும் மட்டும் காட்டூருக்கு, என்னிடம் வந்தன. "எனக்கு இதுல ஒண்ணும் புரியாது சார்லஸ். நீங்க ரெண்டு பேரும் விளையாடினது. நீயே வெச்சுக்க" என்றார். உள்ளே வந்து காபி குடிக்கச் சொன்னேன். வண்டிக்காரர் காத்திருப்பார் என்று வாசலோடு திரும்பிவிட்டார். என்னிடம் உன்னைப் பற்றிப் பேச அவருக்குப் பயம். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. அப்பாவைப் போல ரயில்வேயில் சேரவேண்டும் என்று அலைந்தவனை, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் ஒரு புத்தகத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு அதில் புள்ளிகள்தான் தெரிந்தன. பிறகு ஓர் என்ஜினியர் ஆபீசில் வீட்டு வரைபடம் போடுகிறவனானேன். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் வேலை நேர்மாறு. பல் கட்டித் தரும் லேபில் நீ நாள் முழுக்க நிறம் பார்த்தாய். ஒருவர் வாயில் மிச்சமிருக்கும் பல்லோடு ஒத்துப்போகிற மாதிரி புதுப் பல்லுக்கு நிறம் ஏற்றுவாய், மெல்லிய படலம் படலமாக. "வெள்ளைனு நினைக்கிறடா நீ. ஒருத்தர் பல்லு மாதிரி இன்னொருத்தர் பல்லு இருக்காது" என்பாய்.

அந்தப் பொம்மைப் படையை முதலில் நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் பிரவீன். காட்டூரில் என் தெருக்காரன். கட்டை விரல் உயரத்துக்கு மந்திரவாதி, கோரைப்பல் அரக்கன், வேற்றுக் கிரகத்துச் சிப்பாய் என்று வீட்டிலேயே 3டி பிரிண்டர் மிஷினில் அச்செடுப்பான். மேஜைமேல் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, சண்டை விட்டு விளையாடுவது. விளையாட்டைவிட அந்த உருவங்களுக்கு நிறம் தீட்டுவதுதான் உன்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் லேபில் பகலெல்லாம் குனிந்து வேலை செய்த மணிக்கட்டு, வீட்டில் பிரஷ்ஷைத் தொட்டாலே வலித்தது. "நிறம் நான் சொல்றேன். நீ கை மட்டும் குடு" என்றாய். அப்படித்தான் ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டு மேஜையில் ஆரம்பித்தோம்.

முதலில் உருவம் முழுக்கக் கறுப்பு அடிப்பூச்சு. அது காய்ந்ததும் மேலிருந்து சாம்பல், உச்சியில் மட்டும் வெள்ளை. எங்கே வெயில் விழும், எங்கே நிழல் தங்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும். அதுவரை என் வேலை, எனக்கு யார் தயவும் வேண்டாம். அதற்குமேல் உன் ராஜ்யம். நீ கலந்து தருவாய், நான் பூசுவேன். நீர்மோர் பதத்தில் பெயின்ட் இருக்கவேண்டும், ஒரு படலம் காயாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. அரக்கனின் பச்சைத் தோலுக்கு நிழலில் ஊதா வைக்கச் சொன்னாய். "பச்சைக்குக் கீழ கறுப்பு வெச்சா செத்த மாதிரி இருக்கும். ஊதா வெச்சா உள்ள ரத்தம் ஓடும்" என்றாய். எனக்கு இரண்டும் தெரியவில்லை. ஆனால் நீ சொன்ன காரணம் தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சிப்பாய்களை ஞாபகம் இருக்கிறதா? கடையில் வாங்கிய பாட்டிலில் தோல் நிறம் என்று எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்ததும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற கிரகத்துலயும் எல்லாரும் வெள்ளைக்காரனாவே இருக்கணுமா?" பழுப்பும் சிவப்பும் மஞ்சளும், ஊசிமுனை அளவு நீலமும் சேர்த்து, உன் புறங்கையை மேஜை விளக்கில் நீட்டி வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்துப்போகும்வரை கலந்தாய். முதல் சிப்பாய் முகம் முடிந்ததும் பிரவீன் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இவன் நம்ம தெருவுல பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு மாதிரியே இருக்கான்" என்றான். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு!

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை அலுத்துப்போனால் கோபுரம் பார்க்கக் கூட்டிப்போவாய். ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று, எந்தப் பொம்மைக்கு என்ன நிறம் என்று கீழிருந்து மேலாகச் சொல்வாய். வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் வந்தால் நான் நிம்மதியாக மூச்சு விடுவேன். "இது ஒண்ணுதான்க்கா எனக்கு முழுசாத் தெரியுது" என்றேன் ஒரு நாள். நீ அண்ணாந்து பார்த்தாய். "கீழ மஞ்சள் அடிக்குது, மேல லேசா நீலம்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாய். "சரி விடு. வெள்ளைதான்."

காய்ச்சல் என்று நீ படுத்தது மாசியில். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ நன்றாகப் பேசிய மத்தியானம், கட்டிலைச் சுற்றியிருந்த திரையைக் காட்டி, "இது என்ன நிறம்னு கேக்க மாட்டியாடா?" என்றாய். கேட்டேன். "அசிங்கமான பச்சை. நீ குடுத்து வெச்சவன்" என்றாய். அத்தான்கூடச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் பாதி பாதியாகத்தான் கேட்டது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், ஸ்ரீரங்கத்து மேஜையில் உன் கலவைத் தட்டைப் பார்த்தேன். ஈர ஸ்பாஞ்சின்மேல் தாள் விரித்து, மூடி போட்ட அந்த டப்பா. உள்ளே நீ கலந்த தோல் நிறம் காயாமல் இருந்தது. மிச்சமிருந்த சிப்பாய்களுக்காகக் கலந்தது. உடனே உட்கார்ந்து பூசியிருக்கலாம். பூசினால் தீர்ந்துவிடுமே என்று மூடி வைத்தேன். தினமும் ஆபீஸ் விட்டுப் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். அத்தான் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்பார். கோடை ஏற ஏற அது பிரிந்து, மேலே நீரும் கீழே சகதியுமாகிப் பூஞ்சை வாசம் அடித்தது. ஒருநாள் போனபோது அத்தான் அதைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். "நாத்தம் வந்துடுச்சுப்பா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நானே கலக்கிப் பார்த்தேன் அக்கா. பாட்டில்களில் பெயர் எழுதியிருக்கிறது, வாசிக்கத் தெரியும். எதை எவ்வளவு என்பதற்குத்தான் கண் வேண்டும். போனில் நிறம் சொல்லும் ஒரு செயலி இருக்கிறது. அதைத் தட்டின்மேல் காட்டினால் ஒருமுறை பழுப்பு என்றது, விளக்கை நகர்த்தினால் அடர்சாம்பல் என்றது. துணிந்து ஒரு சிப்பாய்க்கு முகம் பூசி முடித்தேன். படலம் படலமாக, நீ சொன்ன பதத்தில். அம்மாவிடம் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றாள். பிரவீன்தான் உண்மையைச் சொன்னான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பச்சையா இருக்கு."

அவன் நல்ல பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உன் இடத்தில் உட்கார்ந்து, "நான் சொல்றேன்ணே, நீங்க பூசுங்க" என்றான். பூசினேன். நன்றாகத்தான் வந்தது என்றார்கள். இந்தச் சிவப்பு எதற்கு, இந்த நீலம் ஏன் கழுத்தடியில் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். "நெட்டுல இருக்கிற படத்துல அப்படித்தாண்ணே போட்டிருக்கான்" என்றான். அவனைச் சொல்லி என்ன? உன்னோடு இருந்தபோது நான் பார்த்தது நிறத்தையே இல்லை, நீ சொன்ன காரணத்தைத்தான். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பிரவீனுக்கும் ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. மிஷினையும் எடுத்துப் போகிறான். இனி ஞாயிற்றுக்கிழமை யாரும் வரப்போவதில்லை. நான் அடிப்பூச்சு மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறேன். கறுப்பு, சாம்பல், உச்சியில் வெள்ளை. அலமாரியில் உன் நிறங்கள் இருப்பது மேல் தட்டு. கீழ்த்தட்டுகளில் என் சாம்பல் ஆட்கள் நிரம்புகிறார்கள். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், "சிலை மாதிரி இருக்கு சார், இப்படியே விட்டுடுங்க" என்றார். பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். இதை எதற்குச் செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிகிறதா?

நேற்றுக் கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின நாளே எல்லாரும் தங்கள் கல்லறைகளைக் கழுவிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். "சுண்ணாம்பு வேணாம். அவளுக்குப் புடிச்ச மயில்கழுத்துக் கலர்ல அடி" என்றாள் அம்மா. அது உனக்குப் பிடித்த நிறம் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். உலகத்தில் உள்ள நிறத்தையெல்லாம் எனக்குச் சொன்னவள், உனக்குப் பிடித்தது எது என்று சொல்லவேயில்லையே. நானும் கேட்கவில்லை. கடைக்காரர் அட்டையை விரித்து, "இதுவா, இதுவா பாருங்க" என்று நீட்டினார். "மயில்கழுத்து எதுவோ அதைக் கொடுங்க" என்று வாங்கி வந்தேன்.

நேற்றுக் காலை அத்தான் முசிறியிலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்திருந்தார். நான் உட்கார்ந்து சிலுவையையும் மேடையையும் பூசினேன். உன் பெயரின் எழுத்துக்குள் சொட்டு இறங்காமல், நம் சின்ன பிரஷ்ஷாலேயே ஓரம் கட்டினேன். பக்கத்துக் கல்லறையில் வேலையாக இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "நல்ல பச்சைங்க" என்றார். அவர் மனைவி, "கண்ணு போச்சா உங்களுக்கு? நீலம்ங்க அது" என்றார். அம்மா, "ரெண்டும் இல்லைங்க. மயில்கழுத்து. என் பொண்ணு கல்யாணத்துக்கு மறுநாள் கட்டின புடவை" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் திரும்பி நின்று கைக்குட்டையை எடுத்தார். "அவளே நிக்கிற மாதிரி இருக்கு சார்லஸ்" என்றார்.

நானும் பார்த்தேன் அக்கா. எனக்கு அது சிமெண்ட் நிறமாக இருந்தது. பூசிய இடமும் பூசாத இடமும் ஒன்றுதான். ஈரத்தில் மின்னியதை வைத்துத்தான் எதுவரை முடித்திருக்கிறேன் என்று கண்டுபிடித்தேன். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் அந்த மினுக்கமும் போய்விட்டது. எல்லாரும் உன்னைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடமும் நான்தான் பூசுவேன். எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அம்மா விரல் நீட்டிக் காட்டுவாள். அம்மாவுக்கும் பிறகு யார் காட்டுவார்கள் என்று தெரியவில்லை. அப்போது கையால் தடவித் தடவிப் பூசுவேன். ஓரங்குலம்கூட விடமாட்டேன்.

நீ கூடப்பிறந்ததால் மட்டுமே நிறம் அறிந்திருந்த உன் தம்பி,
சார்லஸ்