நீலம் மாறாத சனிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆய்வகத்தில் கேக் வெட்டினோம். எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் எலுமிச்சை சோடா ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தேன். நாக்கில் சுருக்கென்று ஏறியது. கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். உனக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

அந்தச் சுருக் உனக்குக் கிடையாது. நாம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், தொம்மலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில் உனக்கொரு சோடா வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "தகரத்தை நக்கின மாதிரி இருக்குடி," என்று திருப்பி நீட்டினாய். நான் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினேன். கையைப் பிடித்து நிறுத்தினாய். சோடாவில் தப்பில்லை, நீ சாப்பிடும் மாத்திரையால்தான் அப்படி இருக்கிறது என்றாய். உனக்குக் கண் அழுத்த நோய் இருப்பது எனக்குத் தெரியவந்தது அப்படித்தான். முப்பது வயதுகூட ஆகாதவளுக்கு அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதைவிட வேடிக்கை, உன் மாத்திரை கட்டிப்போடும் அதே நொதியை ஆராயத்தான் நம் இருவரையும் எடுத்திருந்தார்கள். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற பெயரைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையாது. என் அம்மா கேட்டபோது நீதான் விளக்கினாய். ரத்தத்தில் இருந்துகொண்டு நாம் மூச்சில் விடும் கரியமில வாயுவை ஏற்றி இறக்குவது அது. வயிற்றில் அமிலம் சுரக்க உதவுவது அது. சோடா நாக்கில் சுருக்கென்று ஏறுவதும் அதனால்தான். கண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் சுரந்துகொண்டே இருக்கிறது, அதற்கும் அதுவே துணை. அந்த நீர் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து அழியத் தொடங்கும். அழிந்தது திரும்பி வராது. மாத்திரை நொதியை அடக்கி நீரைக் குறைக்கும். ஆனால் கண்ணில் மட்டுமல்ல, உடம்பு முழுக்க அடக்கும். அதனால்தான் உன் விரல் நுனிகள் மரத்துக் கிடந்தன. சின்னக் குழாய்களைத் திறக்கும்போது கை தவறும். "எறும்பு ஊருது," என்று சொல்லி உதறிக்கொள்வாய்.

சொட்டு மருந்தும் போட்டுக்கொண்டுதான் இருந்தாய். உனக்கு அது மட்டும் போதவில்லை. ஒருநாள் தலையை அண்ணாந்து மருந்தை விட்டுக்கொண்டு, கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டுக் காட்டினாய். "பாதி இங்கதான் போவுது. கண்ணுக்குள்ள நின்னாத்தானே வேலை செய்யும்?" என்று கேட்டாய். அந்தக் கேள்விதான் அடுத்த நான்கு வருஷம் நம் வேலையாக இருந்தது. கண்ணீர் பட்டதும் மெல்லிய கூழாகி, கண்ணிலேயே தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் ஒரு சொட்டு. மாத்திரையே வேண்டாம் என்று ஆகிவிட வேண்டும்.

நொதிக்கு ஆட்டு ரத்தம் வேண்டும். பிரேசர் டவுன் கறிக்கடைக்குக் காலை ஆறு மணிக்கு என் ஸ்கூட்டரில் போவோம். உறையாமலிருக்க சிட்ரேட் உப்புக்கரைசல் ஊற்றிய ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு நீ பின்னால் உட்கார்ந்திருப்பாய். கடை பாயிடம் ஆம்பூர் உருதுவில் நீ என்னென்னவோ பேசுவாய். அவர் முதல் நாள் நம்மைச் சந்தேகமாகப் பார்த்தார். கண் மருந்து செய்கிறோம் என்று நீ சொன்னதிலிருந்து மற்றவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு நமக்கு முதலில் பிடித்துக் கொடுத்தார். அவர் உன்னை டாக்டரம்மா என்பார். என்னை யாரும் கவனித்ததில்லை. உனக்கு மட்டும் நான், என் பேட்டையைச் சொல்லி, "ஜோகுபாளையம்". எனக்கு நீ, உன் ஊரைச் சொல்லி, "ஆம்பூர்". பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதாக நினைவே இல்லை.

மூன்றாம் வருஷம் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. நம் சொட்டு மருந்து முயலின் கண்ணில் நொதியின் பெரும்பகுதியை அடக்கியது. ஆனால் கண் அழுத்தம் இறங்கவே இல்லை. அந்த நொதி தேவைக்கு மேல் ஏராளமாக இருக்கிறது. ஏறக்குறைய முழுவதையும் அடக்கினால்தான் நீர் குறையும், கொஞ்சம் மிஞ்சினாலும் போதும், அது தன் வேலையை முடித்துவிடும். அந்தக் கடைசிக் கொஞ்சத்துக்கு ஒரு சொட்டு மருந்து போய்ச் சேராது என்று நம் ஆய்வகத் தலைவர் முடிவுக்கு வந்துவிட்டார். வரும் திங்கட்கிழமை கூட்டத்தில் இந்த வேலையை நிறுத்திவிட்டு வேறு வேலை பிரித்துத் தரப்போவதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். உன் கண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்தால் பரிதாபப்பட்டு வேலையை நீட்டிப்பார், அப்படி நீட்டிக்க வேண்டாம் என்று என் வாயையும் கட்டியிருந்தாய்.

எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உன்னிடம் சொல்லவும் செய்தேன். நீ கோபப்படவில்லை. "மிச்சம் இருக்கிற கொஞ்சத்துலதாண்டி மருந்தே இருக்கு," என்றாய். கூழ் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கண்ணில் நிற்கும்படி கலவையை மாற்றியிருந்தாய். சனிக்கிழமை அதைச் சோதிப்பது என்று முடிவானது.

சனிக்கிழமை வந்து பார்த்தால் கரியமில வாயு சிலிண்டர் காலி. நம் சோதனையே அந்த வாயுவை நம்பித்தான். வாயு கரைந்த குளிர்ந்த நீரை, முயல் கண்ணிலிருந்து எடுத்த சாறு கலந்த நீலச் சாயத்தில் ஊற்ற வேண்டும். நொதி உயிரோடு இருந்தால் சில நொடிகளில் நீலம் மஞ்சளாகும். அடங்கியிருந்தால் வெகுநேரம் நீலமாகவே நிற்கும். திங்கட்கிழமைக்குள் புது சிலிண்டர் வராது. நான் வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தேன். நீ படியிறங்கிப் போனாய். கால் மணி நேரம் கழித்து இரண்டு கையிலும் நாலைந்து சோடா பாட்டிலோடு வந்தாய். கரடுமுரடான சோதனைதான், திசை தெரிந்தால் போதும் என்றாய்.

பாட்டில்களை ஐஸில் புதைத்தோம். மருந்து விடாத கண்ணின் சாற்றில் முதலில் ஊற்றினோம். கண் சிமிட்டுவதற்குள் மஞ்சள். பழைய கலவை விட்ட கண்: கொஞ்சம் தாமதித்து மஞ்சள். பிறகு புதியது. நீ ஊற்றினாய், நான் கடிகாரத்தை அழுத்தினேன். நீலம். இன்னும் நீலம். உன் பார்வையின் ஓரங்கள் அதற்குள் மங்கியிருந்தன, அதனால் குழாயை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாய். "மாறுச்சா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். மறுபடி கேட்டாய். இல்லை என்றேன். நொதியே இல்லாத வெறும் நீரைப் போல அது நீலமாகவே நின்றது. நீ குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். நானும் உட்கார்ந்தேன். பிறகு நீ எழுந்து, "இன்னும் ரெண்டு தடவை பாக்கணும்," என்றாய். பார்த்தோம்.

திங்கட்கிழமை தலைவர் சோடா என்றதும் முதலில் எரிச்சலோடு எழுந்துவிட்டார். நோட்டைப் பார்த்த பிறகு உட்கார்ந்தார். சிலிண்டர் வந்து முறைப்படி செய்தபோதும் அதே முடிவு. இரண்டு வாரத்தில் முயல்களின் கண் அழுத்தம் இறங்கியது. அன்று நீ சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தத் தப்பான யோசனையைச் சொன்னேன். மனிதர்களுக்குச் சோதிக்க அனுமதி வர வருஷங்களாகும், அதுவரை உன் கண் காத்திருக்காது, ஒரு சீசாவை எடுத்துக்கொள், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். ஆசை இல்லாமல் இல்லை. அது உன் முகத்தில் தெரிந்தது.

"நான் ஊத்திக்கிட்டு நல்லாயிடுச்சுன்னா நீ இதை நம்பிடுவே. கெட்டுப்போச்சுன்னா பயந்து விட்டுடுவே. ரெண்டுமே ஆராய்ச்சி இல்லடி. முறையா வரட்டும், வரிசையில நின்னு வாங்கிக்கறேன்," என்றாய்.

வரிசை தொடங்குவதற்குள் நீ போய்விட்டாய். அதற்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை. ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது, தலையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உன் அண்ணன் என்னைப் பார்த்ததும், "நீங்கதானே ஜோகுபாளையம்?" என்று கேட்டார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

நல்ல செய்திக்கு வருகிறேன். மனிதர்களிடம் நடந்த சோதனையின் முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு நம் சொட்டு மருந்தை மட்டும் போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கண் அழுத்தம் ஏறவில்லை. சிலருக்குப் போதவில்லை, அவர்களுக்காக இன்னும் வேலை இருக்கிறது. ஆனால் பாதை சரி. கேக் அதற்குத்தான். தலைவர் பேச எழுந்து, முதலில் உன் பெயரைச் சொன்னார்.

அந்தச் சோதனையில் பங்கெடுத்த ஒரு பெண், மருந்து செய்தவர்களைப் பார்க்க ஆசைப்படுவதாகக் கண் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். பெயர் மஞ்சுளா. தொம்மலூரில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள், நூலால் புருவம் திருத்துவதுதான் பிரதானம். நேற்று போனேன். என்னை உட்காரவைத்துவிட்டு அவளே பேசினாள். மாத்திரை சாப்பிட்ட காலத்தில் விரலுக்கு நடுவே நூல் இருக்கிறதா நழுவிவிட்டதா என்றே தெரியாதாம். இரண்டு பேருக்குத் தோலைக் கிழித்துவிட்டதும் கடையை மூடிவிடலாம் என்று இருந்தாளாம்.

"இப்போ விரல் என்னோடதுதான் மேடம்," என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க புருவம் காடா வளந்திருக்கு. ஸ்வல்ப, கொஞ்சம் தலையைச் சாச்சுக்கோங்க, கண்ணை மூடுங்க," என்றாள்.

மூடிக்கொண்டேன். நூல் சரசரவென்று ஓடியது. ஒரு இடத்தில்கூட அவள் கை தடுமாறவில்லை. வலிக்கிறதா மேடம் என்று இரண்டு முறை கேட்டாள், கண்ணீர் வந்ததால். வலியில்லை என்றேன். இந்த மருந்தை முதலில் யோசித்தவள் என் சிநேகிதி, அவளுக்கும் விரல் மரத்துத்தான் இருந்தது என்று சொன்னேன். மஞ்சுளா நூலை நிறுத்திவிட்டு, அவங்க எங்கே இருக்காங்க என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் என் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த புருவத்தையும் நிதானமாக முடித்தாள்.

உன்னை நினைத்தால் இத்தனை நாளும் அழுகைதான் முதலில் வரும். வெள்ளிக்கிழமையிலிருந்து பெருமைதான் முதலில் வருகிறது, அழுகை அதற்குப் பின்னால் வருகிறது. இனி இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொள்வேன்.