பூசைக்கு வந்த கார்களுக்கு ஒரு பெரட்டு

அக்கரப்பத்தனை
ஒக்டோபர் 14

அன்பு மகன் லோஜனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி கிஷாந்தும் இந்த மழையையும் எங்களுக்குள் போட்ட சண்டையையும் தாண்டி நல்ல சுகம். டோஹாவில் நீயும் மருமகள் பிரேமினியும் என் பேத்திக் குட்டியும், சண்டை மட்டும் இல்லாமல், அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தைப் பிடித்தாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா, அப்பறம் எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அங்கிருந்து லீவில் வந்த வினோஜன் வியாழக்கிழமை திரும்புகிறான், அவன் கையில் இதையும் தேயிலைத்தூளையும் பிரேமினி கேட்ட மிளகாய்த்தூளையும் கொடுத்துவிடுகிறேன். குட்டி உங்கள் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படத்தை அப்பா ஹட்டனுக்குப் போய்ப் பெரிதாக அடித்து டீவிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார், வருகிறவர்கள் எல்லாரும் உன் மூக்கு என்கிறார்கள். கடிதத்தோடு ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன், அதை இப்போது பிரிக்காதே, முதலில் இதை முழுக்கப் படி.

கார் விற்பனையைக் கெடுத்தது நான்தான். கிஷாந்த் உன்னிடம் சொன்னதில் பொய் இல்லை. உடப்புசல்லாவையிலிருந்து மரியரட்ணம் மாஸ்டர் பஸ் மாறி மாறி வந்து, காரைச் சுற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, பிடித்துப்போய், பிள்ளைத்தாய்ச்சி மகளை கிளினிக்குக்குக் கூட்டிப் போகத்தான் தேடுகிறேன் என்று சொல்லி முற்றத்தில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, அவர் ஒரு வாய் குடித்ததும், இந்தக் காரின் எயார் பேக் கெட்டது, உங்கள் மகளை இதில் ஏற்றாதீர்கள் என்று சொன்னேன். மனிதர் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். கிஷாந்த் முகம் கறுத்துப்போய் எழுந்து போனவன் ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. அவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா, நீ அனுப்பிய காசில் வாங்கிய கார், அதை ஓட்டித்தான் அவன் பிழைப்பு, இப்போது கார் கோயில் சுவரோரம் படங்கு போர்த்திக் கிடக்கிறது, அவன் யாரோ ஒருவரின் ஆட்டோவைக் கைமாற்றாக வாங்கி ஓட்டுகிறான். அவன் பாடு எனக்கு வலிக்கிறது. ஆனாலும் மறுபடி ஒருவர் வாங்க வந்தால் அன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

உனக்கு ஆரம்பத்திலிருந்து தெரியாது, சொல்கிறேன். வட்டவளையில் இருக்கிற தெரேசாவை நினைவிருக்கும், என்னோடு பதினாறு வருஷம் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது காய்ச்சல் கண்டால் உன்னைத் தூக்கி வைத்திருப்பாள். அவள் மகன் றொக்சனும் நம்முடையது மாதிரியே அந்தச் சின்ன ஜப்பான் கார்தான் வைத்திருந்தான். ஆவணியில் ஒரு காலை, மூடுபனியில் மெதுவாக வந்தவன் முன்னால் நின்ற கொழுந்து லொறியின் பின்பக்கம் இடித்துவிட்டான். பெரிய இடி இல்லை, காரின் லைட் கூட உடையவில்லை. ஆனால் ஸ்டியரிங்குக்குள் இருந்த பை வெடித்து இரும்புத் துண்டுகள் அவன் முகத்திலும் கழுத்திலும் ஏறிவிட்டன. ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் வெட்டுக்காயம் என்று நினைத்து, பொலிஸ் வந்து உன்னை வெட்டியது யார் என்று கேட்டதாம். உயிர் தப்பியது, வலது கண் போய்விட்டது. முப்பது வயது கூட ஆகவில்லை மகன்.

அதைக் கேட்டதும் கிஷாந்தை நுவரெலியா கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்தச் சிங்கள மெக்கானிக் பாஸ் நல்ல மனிதர், சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எயார் பேக் லைட் ஒரு தரம் எரிந்து அணைய வேண்டும், இதில் எரியவே இல்லையே என்றார். டேஷ்போர்டைக் கழற்றினால் அந்தப் பல்பை யாரோ பிடுங்கிவிட்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நமக்குக் காரைப் பிடித்துத் தந்த புரோக்கர் சிவசாமிதான், கேட்டதற்கு "லைட்டு எரிஞ்சா வாங்குறவங்க பயப்படுறாங்க" என்று வாய் கூசாமல் சொன்னான். பையை ஊத வைக்கிற மருந்து ஓர் இரும்புக் குப்பிக்குள் இருக்கிறதாம், வருஷக்கணக்கில் சூடும் ஈரமும் பட்டு அந்த மருந்து கெட்டால் இடிக்கும்போது குப்பியே வெடிக்கிறதாம். "அக்கா, இது பேக் இல்ல, பட்டாசு" என்று பாஸ் கையை விரித்துக் காட்டினார். செய்த கம்பனியே பிழையை ஒத்துக்கொண்டு ஜப்பானில் கார்களைத் திரும்பக் கூப்பிட்டு இலவசமாக மாற்றிக் கொடுத்திருக்கிறதாம், அதற்கு ரீகோல் என்று பெயராம். நம்முடையது மாற்றுவதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டது. கூப்பிட்டது எங்கள் காதில் விழவில்லை, விழ வேண்டும் என்று யாரும் கவலைப்படவும் இல்லை. உன் அப்பா வேறு டேஷ்போர்டின் இடது பக்கம், சரியாகப் பக்கத்து சீட்டுக்கான பை வெளியே வருகிற மூடியின் மேலேயே, வேலோடு முருகனைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். வெடித்தால் முதலில் பறப்பது அந்த வேல்தான் என்று பாஸ் சொன்னதற்கு, முருகன் நம் பிள்ளைகளைக் குத்துவாரா என்று மூன்று நாள் என்னோடு வாதாடினார். நாலாம் நாள் அவரே ரொட்டி திருப்புகிற சட்டகப்பையை வைத்து நெம்பி எடுத்தார், முருகன் இப்போது டீவிக்கு மேலே இருக்கிறார், பாதத்தில் பசை மட்டும் போகவில்லை.

இதையெல்லாம் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னது எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. "அம்மா, இது வெயிலுக்குத்தான் கெட்டுப்போகும், நெட்ல போட்டிருக்கு, நம்ம ஊர்க் குளிருக்கு ஒண்ணும் ஆகாது. நம்மகிட்ட ஒருத்தன் சொல்லாமதானே வித்தான், நாமளும் பேசாம வித்துட்டுப் போவோம்." நீ அதைச் சொல்லும்போது நான் நின்றது தெரேசா வீட்டு வாசலில். உள்ளே அவள் மகனுக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது லோஜன், உன்னை நினைத்து முதல் தடவையாக வெட்கப்பட்டேன். குளிர் என்கிறாயே, ஆடி மாதம் நம் லயத்து வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பூக்கிறதும் பெட்டிக்குள் வைத்த சேலை நாறுவதும் உனக்கு மறந்து போயிற்றா. ஈரத்துக்கு இதைவிட நல்ல ஊர் எங்கே இருக்கிறது.

பாஸ் அந்தப் பையைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றார், நான் மாட்டேன் என்றேன். பிழை செய்தவன் சும்மா இருக்க, நாங்கள் பாதுகாப்பு இல்லாமல் ஓட வேண்டுமா. கிஷாந்தோடு கொழும்புக்குப் போய் அந்தக் கம்பனியின் ஏஜென்சியில் கேட்டேன். டை கட்டிய பையன் ஒருவன், இது நாங்கள் கொண்டுவந்த கார் இல்லை, வெளியாள் இறக்கிய பழைய கார், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்றான். பெயர் உங்கள் கம்பனிப் பெயர்தானே என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்குக் குளிர்சாதனத்தைக் கூட்டி விட்டார்கள், அக்கரப்பத்தனைக்காரிக்கு அது ஒரு குளிரா. கடைசியில் ஓர் அம்மா வந்து, ஒற்றைக் காருக்குச் சாமான் கேட்க முடியாது, ரீகோலில் இருக்கிறது என்று சரிபார்த்து, காரில் அடித்திருக்கிற செஸி நம்பர்களோடு ஒரு லிஸ்ட் கொண்டு வாருங்கள், எழுதிப் பார்க்கிறோம் என்றார். என்னை எழுப்பி அனுப்புவதற்குச் சொன்ன சாக்கோ என்னவோ, நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டேன். கிஷாந்துக்கு அதில் நம்பிக்கை இல்லை, நீ சொன்னபடி விற்றுவிடத்தான் மாஸ்டரைக் கூட்டி வந்தான்.

லிஸ்ட் எடுப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு வருஷம் கங்காணியாக நின்று, காலையில் வேலைக்கு ஆள் நிறுத்துகிற பெரட்டில் பேர் எடுத்தவள் நான், ஒரு பேர் விட்டுப் போனால் அந்தப் பொம்பிளைக்கு அன்றைக்கு நாள் சம்பளமே இல்லை என்று தெரிந்தவள். எல்லாக் காரும் ஒரே இடத்தில், அதுவும் பொனட்டைத் திறந்துகொண்டு நிற்கிற நாள் எது என்று யோசித்தேன், ஆயுத பூசை வந்தது. சுற்றியுள்ள தோட்டத்து ஆட்டோ, லொறி, வேன், கார் எல்லாம் கழுவி மாலை போட்டு நம் கோயில் முன்னால் வரிசை கட்டின. பூசாரி ஒவ்வொரு இன்ஜினுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு முன்னால் போக, கொப்பியும் பேனாவுமாக நான் பின்னால் போனேன். அந்தச் செஸி நம்பர்த் தகடு இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது, மூன்று காரில் பூசாரி சந்தனத்தைத் தகட்டின் மேலேயே அப்பிவிட்டார். முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், கோயில் தலைவர் ஓடி வந்து, "சாமிக்கு வச்ச சந்தனத்த அழிக்கிறீங்களே, இது என்ன பழக்கம்" என்று ஊர் கேட்கச் சத்தம் போட்டார். நானும் கூட்டத்தின் நடுவில் நின்று, "சாமி கோவிச்சா எங்கிட்ட கோவிச்சுக்கட்டும், தெரேசா மவனுக்குப் போன கண்ணை இவரு கொண்டாந்து வைப்பாரா" என்று கேட்டேன். உன் அப்பா தேங்காய்க் கடைப் பக்கம் ஒதுங்கிவிட்டார். ஆனால் ஐந்து நாள் பேசாத கிஷாந்த் வந்தான், என் கையிலிருந்து கொப்பியை வாங்கி, "நீங்க நம்பரச் சொல்லுங்கம்மா, நான் எழுதுறேன்" என்றான். எனக்கு அங்கேயே அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

நம்முடையதோடு சேர்த்து ஒன்பது நம்பர் கிடைத்தது. சிவசாமி மட்டும் தன் காரும் அதே சாதியாக இருந்தும் பொனட்டை அறைந்து சாத்திவிட்டு, "என் வண்டி நல்ல வண்டி" என்று போய்விட்டான். இரண்டு நாள் கழித்து மரியரட்ணம் மாஸ்டர் போன் எடுத்து, தன் மைத்துனரிடம் அதே கார் இருக்கிறது என்று ஒரு நம்பர் சொன்னார், அன்றைக்குத் தேத்தண்ணியைக் குடிக்காமல் போனதற்கு மன்னிப்பும் கேட்டார், அது பத்து. நேற்று சிவசாமியின் மனைவி புருஷனுக்குத் தெரியாமல் வந்து ஒரு துண்டுக் காகிதத்தை என் கையில் வைத்துவிட்டு, "அக்கா, பிள்ளைங்க அதுலதான் பள்ளிக்கூடம் போகுதுங்க" என்றாள். அவன் செய்த வேலைக்கு விட்டுவிடலாம் என்று கிஷாந்த் சொன்னான். கோபம் சிவசாமியோடு, பிள்ளைகள் என்ன செய்தார்கள், பதினோராவதாக எழுதினேன்.

இனி அந்தத் தாளைப் பிரி. கம்பனியின் நெட் பக்கத்தில் நம்பரைப் போட்டுப் பார்க்கலாமாம், ஆனால் எல்லாம் ஜப்பான் எழுத்து, கிஷாந்துக்கு விளங்கவில்லை. உன் ஆபீஸில் பிரேமினி சுட்ட வடையை ஆறு தின்ற ஜப்பான் இன்ஜினியர் இருக்கிறாரே, அவரிடம் கேட்டு ஒவ்வொன்றுக்கும் நேரே ஆம் அல்லது இல்லை என்று எழுதி அனுப்பு. நீ அனுப்பாவிட்டால் நான் சும்மா இருக்கப் போவதில்லை, நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் வருகிற ஜப்பான்காரரை வழி மறித்தாவது கேட்பேன், பிறகு அம்மா மானத்தை வாங்கிவிட்டாள் என்று சொல்லாதே.

பன்னிரண்டாவது வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன், பார்த்தாயா. ஊருக்குப் போகிற ஒருவரிடம் பழைய காராக வாங்கினேன், நம்ம கார்க் கம்பனிதாம்மா என்று நீ சந்தோஷமாகச் சொன்னாயே, அந்த நம்பர் என்னிடம் இல்லை. வெயிலுக்குத்தான் கெடும் என்று சொன்னதும் நீதான். உன் ஊரில் மழையா பெய்கிறது? டீவிக்குப் பக்கத்தில் குட்டி அந்த ஸ்டியரிங்கை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், நான் ஒரு வாரமாக அந்தப் படத்தின் பக்கம் திரும்பவில்லை. மற்றப் பதினொன்றைப் பிறகு பார், அதை முதலில் உன் கையால் எழுது. ஆம் என்று வந்தால் சாவியை வைத்துவிட்டு பஸ்ஸில் போ, யாருக்கும் சொல்லாமல் விற்காதே.

நீயும் பிரேமினியும் நீண்ட ஆயுளோடு, என் குட்டி இரண்டு கண்ணும் நிறைந்த சிரிப்போடு, அம்மன் துணையில் நல்லா இருக்க வேண்டும். அப்பா ஆசி சொல்லச் சொன்னார். தேயிலைத்தூளைத் திறந்ததும் போத்தலில் போட்டு இறுக்க மூடச் சொல்.

கோபத்தோடும் அதைவிடக் கூடின பாசத்தோடும்,
உன் அம்மா,
ப. நாகலெட்சுமி

தாளைப் பத்திரமாக வை. பெரட்டில் நான் இதுவரை ஒரு பேரை விட்டதில்லை.