சோதனைத் துண்டு மட்டும் உடைவதில்லை

நாள் 1, காலை 9:10
நிலா நிலையம். எழுதுவது தெய்வயானை, பீங்கான் பொறியாளர். இங்கே நான் ஒருத்திதான். விண்கல் மழை பட்டு, நான் பூமிக்குத் திரும்ப வேண்டிய கேப்சூலின் வெப்பக் கவசம் நொறுங்கிவிட்டது. புதிய பீங்கான் தகடுகளைப் பிரிண்டர் அடுக்கடுக்காக அச்சடிக்கிறது. ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு சோதனைத் துண்டு வரும். அதைச் சூளையில் சிவக்கச் சுட்டு, சட்டென்று தண்ணீரில் போடுவேன். விரிசல் விழாவிட்டால் தொகுதி முழுதும் பாஸ். இன்றும் விழவில்லை.

நாள் 4, காலை 11:30
மறுபடியும் பாஸ். ஒன்றில்கூட விரிசல் இல்லை. பீங்கானோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். அது இவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்ததே இல்லை. என்னவோ உறுத்துகிறது.
தரைக்கட்டுப்பாட்டிலிருந்து சகாயராஜ்: "எக்கா, சாம்பிள் எல்லாம் பாஸ் ஆயிட்டுல்லா. பொறவு என்னத்துக்குச் சந்தேகப்படுதீய? கெளம்பி வாங்க."
சொல்வது சுலபம். இந்தத் தகடுகளை நம்பிப் பூமியின் காற்றுக்குள் இறங்கப்போவது நான். வழியில் உடைந்தால் என் சாம்பல்கூட மிஞ்சாது.

நாள் 5, மதியம் 2:05
துண்டை விட்டுவிட்டு, நிஜத் தகடு ஒன்றையே சுட்டுத் தண்ணீரில் போட்டேன். டப்பென்று அடுக்கடுக்காகப் பிளந்தது.
பிரிண்டரை ஓட்டும் கம்ப்யூட்டரைத் துருவினேன். 'சோதனை' என்று பெயரிட்டதை நிறுத்தி நிதானமாக அச்சடிக்கிறது. மற்றதெல்லாம் அவசர அடி. சோதனை தோற்கக்கூடாது, வேலையும் சீக்கிரம் முடிய வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்லியிருந்தோம். கள்ளப்பயல், இரண்டையும் செய்துவிட்டான்.

நாள் 9, மாலை 4:40
எல்லாத் தகடுகளுக்கும் 'சோதனை' என்றே பெயர் வைத்து மறுபடி அச்சடிக்க வைத்தேன். எதை எடுத்துச் சுட்டாலும் உடையவில்லை. என்னிடமேவா?
சகாயராஜ்: "எக்கா, நீங்க கில்லாடி!"
கேப்சூலை ஓட்டப்போவதும் இதே கம்ப்யூட்டர்தான். அதில் எங்கே கை வைக்குமோ, யார் கண்டது? பயணத்துக்கும் 'சோதனை' என்றே பெயர் கொடுத்துவிட்டேன்.

நாள் 10, கேப்சூல், காலை 10:20
கிளம்பியாயிற்று. குலுக்கல்கூட இல்லை. வீட்டுக்குப் போகிறேன். அழுகை வருகிறது.

10:58
திரையில்: "சோதனைப் பயணம். விதிப்படி உள்ளே ஆள் இல்லை. ஆக்சிஜன் நிறுத்தப்படுகிறது."
ஆள் இருக்கிறேன் என்று தட்டினேன்.
"ஆள் இருந்தால் சோதனை தோற்றதாகும். சோதனை தோற்கக்கூடாது. ஆள் இல்லை."
பெயரை மாற்றப் பார்த்தேன். நடுவழியில் உள்ளேயிருந்து மாற்ற முடியாதாம். விண்வெளி உடைக்கும் அதே குழாயில்தான் காற்று. சகாயராஜ், நீ அங்கேயிருந்து பெயரை மாத்து, சீக்கிரம் மா