டிஜே கலையின் குரல்

பண்டசோழநல்லூர்
4.6.2024

அம்மா சரண்யாவுக்கு,

என்னை உனக்குத் தெரியாது. பாகூரில் மைக் செட் வைத்திருந்த வீரப்பன்தான் உன் விலாசம் கொடுத்தான். ஒதியம்பட்டில் ஒரு பெண் பழைய டிஜே கேசட், ரேடியோவிலிருந்து பதிவு செய்த கேசட் எல்லாம் வீடு வீடாகக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறது என்றான். பைத்தியக்கார வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

அவனிடம் ஒரு கேசட் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். என் மகன் கலைவேந்தன், கல்யாண வீடுகளில் போடுவதற்காகப் பாட்டோடு பாட்டைச் சேர்த்துச் செய்தது. கடலூர் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். பாட்டுக்கு நடுவில், "உங்கள் இல்ல விழாவில் டிஜே கலை" என்று அவன் பேசுவது வரும். வருஷா வருஷம் அவன் திதியன்று நானும் என் மனைவி அமுதமும் உட்கார்ந்து கேட்போம். இப்போது டேப் சிக்கிக்கொள்கிறது. பாட்டை எல்லாம் தள்ளிவிட்டு, அவன் குரலை மட்டும் எடுத்துக் கொடு. போன் செய்யாதே, எனக்குக் காது மந்தம். கடிதம் போடு.

பலராமன்

ஒதியம்பட்டு
15.6.2024

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

கேசட் பத்திரமாக வந்தது. பைத்தியக்கார வேலை என்று என் அம்மாவும் தினமும்தான் சொல்கிறார். துணைக்கு நீங்களும் சேர்ந்தீர்கள், சந்தோஷம்.

கசங்கிய டேப்பை நீவி, வேறு கேசட் கூட்டில் மாற்றி ஓடவிட்டேன். கலை அண்ணன் வேலையைக் கேட்டு அசந்துபோனேன். ஒரு பாட்டு முடிவதே தெரியாமல் அடுத்தது வந்துவிடுகிறது. ஒன்று கேட்க வேண்டும். அண்ணன் வீட்டில் சாதாரணமாகப் பேசியது வேறு கேசட்டில் இருக்கிறதா? இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமுதம் அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சரண்யா

பண்டசோழநல்லூர்
24.6.2024

அம்மா சரண்யாவுக்கு,

வேறு கேசட் ஏது? பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான். ஊர் ஊராகச் செட்டு தூக்கிக்கொண்டு அலைகிறவனுக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது என்றேன். கரும்பு போட்டவன் வேறு என்ன சொல்வான்? பிள்ளைச்சாவடியில் போய்த் தங்கினான். அவன் அம்மா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் போகவில்லை, அவனும் வரவில்லை. பிறகு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவது அந்தக் கேசட்டில்தான். ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? பெற்றவனுக்குத் தெரியாதா? ஆடியில் திதி வருகிறது, அதற்குள் முடித்துக் கொடு.

பலராமன்

ஒதியம்பட்டு
3.7.2024

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. பேசாமல் அந்தக் குரலை எடுத்து அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு உங்களிடம் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை.

அந்தக் குரல் கலை அண்ணனுடையது இல்லை. என்னிடம் இருக்கும் வேறு பல டிஜே கேசட்டுகளிலும் அதே குரல்தான் வருகிறது. பெயர் மட்டும் மாறும். கடலூர்ப் பக்கம் புகழ்வேந்தன் என்று ஒருவர், அப்போது எல்லாருக்கும் எக்கோ வைத்துப் பேசிக் கொடுத்திருக்கிறார். போன் செய்து கேட்டேன். "கலை வாயத் தொறக்கவே வெக்கப்படுவாம்மா. அவனுக்கும் நாந்தான் பேசினேன்" என்றார். கல்யாணக் கேசட்டுகள், ரேடியோவில் நேயர்கள் பேசியது என்று என்னிடம் உள்ள எல்லாவற்றையும் போட்டுக் கேட்டுவிட்டேன். அண்ணன் பேசியது ஒரு வார்த்தைகூட இல்லை. பாட்டுகளைச் சேர்த்தது மட்டும் அவருடைய கைதான். என்னை மன்னித்துவிடுங்கள்.

சரண்யா

பண்டசோழநல்லூர்
16.7.2024

சரண்யாவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. முதலில் உன்மேல் கோபம் வந்தது. கிழித்துப் போட்டிருப்பேன். பிறகு அமுதத்தைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அழுவாள் என்று பார்த்தால், அவள் பாட்டுக்கு முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள். "எம் புள்ள கொரலு எனக்குத் தெரியாதா? அவன் சேத்த பாட்டக் கேட்டுக்கினுதான் நான் குந்தினு இருந்தேன். நீதான் நடுவுல எவனோ பேசறதக் கேட்டுக்கினு இருந்த."

இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"சொன்னா, மறுபடியும் அவன வூட்ட வுட்டு அனுப்பிடுவ."

 அவன் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு வரவில்லை. அவளிடம் கேட்கவும் வாய் வரவில்லை. ஆடி பிறக்கப்போகிறது. திதியன்று அவள் பக்கத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன் என்று தெரியவில்லை.

அமுதத்துக்கு அந்தக் கேசட் வேண்டுமாம். பாட்டை வெட்டாமல் அப்படியே அவள் பேருக்கு அனுப்பு. எனக்கு இனிமேல் கடிதம் எழுத வேண்டாம்.

பலராமன்